ஒரு டம்ளர் பாசி, ஒரு சோலார் தகடு: மொட்டை மாடிச் சோதனை

சித்திரை வெயிலைத் திட்டாத திருநெல்வேலிக்காரர் உண்டா? அந்த வெயிலை இலை எப்படிப் பிடிக்கிறது, சோலார் செல் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். குளத்திலோ வாய்க்காலிலோ கிடக்கும் வேலம்பாசி கொஞ்சம், கண்ணாடி டம்ளர், ஆப்பசோடா, பழைய தோட்ட விளக்கில் கழற்றிய சோலார் தகடு, மல்டிமீட்டர். இவ்வளவு போதும்.

படி 1: பாசித் தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, வெட்டிய முனை மேலே இருக்கும்படி தண்ணீருக்குள் நிறுத்துங்கள். நுனியில் நூலால் சின்னக் கல் கட்டினால் மிதக்காது. (முதல் தடவை நான் தலைகீழாகப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன்.) ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்கள், இலைக்குத் தேவையான கார்பன் அதிலிருந்து கிடைக்கும்.

படி 2: வெயிலில் வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். வெட்டுவாயிலிருந்து குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். "மாமா, இது சோடா பொங்குறதுதானே?" என்று மருமகன் மடக்கினான். நல்ல கேள்வி. தண்ணீர் சூடானால் டம்ளர் சுவரிலும் குமிழி ஒட்டும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்டிலிருந்து வருவதை மட்டும் நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். துணியால் மூடினால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். சோடாவுக்கு வெளிச்சம் தேவையில்லையே!

படி 3: தகட்டை வெயிலில் காட்டி வோல்ட் பாருங்கள். தகட்டில் பல சிலிக்கான் செல்கள் இருக்கும், ஒரு செல்லுக்குச் சுமார் 0.6 வோல்ட். நிழலுக்குக் கொண்டுபோனால் கொஞ்சம்தான் குறையும். இங்கேதான் பலர் குழம்புவார்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, திருகியையும் ஆம்பியருக்குத் திருப்பி அளங்கள்: நிழலில் மின்னோட்டம் சட்டென்று விழும். அப்புறம் வயரைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடுங்கள். அப்படியே பிளக்கில் வைத்தால் ஆபத்து.

இரண்டு இடத்திலும் தொடக்கம் ஒன்றுதான்: ஒளி ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது. சிலிக்கானில் அது வயர் வழியாகச் சுற்றி வீட்டுக்கே திரும்பிவிடும், எதுவும் செலவாவதில்லை. பச்சையம் இழந்த எலக்ட்ரான் திரும்பி வராது, சர்க்கரை செய்யப் போய்விடும். அந்த இடத்தை நிரப்பத் தண்ணீரை உடைக்கிறது இலை. மிஞ்சும் ஆக்சிஜன்தான் நீங்கள் எண்ணிய குமிழி.

படி 4: தகட்டில் ஒரே ஒரு செல்லை விரலால் முழுசாக மறையுங்கள். மின்னோட்டம் ஏறக்குறைய நின்றேபோகும், செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால். இலை அப்படியில்லை, பாதி நிழலானாலும் மீதி வேலை பார்க்கும். மாடியில் சோலார் வைக்கப்போகிறீர்களா? சாயங்காலம் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எதுவரை வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.