கட்டுரை வகுப்பில் இணையம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரித் தமிழ் வகுப்பில் இணையத்தைப் பயன்படுத்துவதாகச் சொல்லும் பலரும், முன்பு தாளில் வாங்கிய கட்டுரையை இப்போது பிடிஎஃப் கோப்பாக வாங்குகிறார்கள், அவ்வளவுதான். எழுதி முடித்த கட்டுரைக்கு மதிப்பெண் போடத் தாளே போதும். கட்டுரை வளரும்போதே ஆசிரியர் எட்டிப் பார்க்க முடிவதுதான் இணையம் தரும் புது வசதி. கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால், எந்தப் பத்தி எப்போது வந்தது, எது நீக்கப்பட்டது என்பதைப் பதிப்பு வரலாறு காட்டிவிடும். முதல் வரைவுக்குக் கருத்து மட்டும் சொல்லி, திருத்திய வரைவுக்கு மதிப்பெண் தருவதே முறை.

அந்தக் கருத்து சொல்வதிலும் ஒரு தவறு நடக்கிறது. பொறுப்புள்ள ஆசிரியர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பது வேடிக்கை. ஒவ்வொரு ஒற்றுப்பிழையையும் கூகுள் டாக்ஸின் பரிந்துரை முறையில் (மாணவர் ஏற்கவோ மறுக்கவோ கூடிய திருத்தமாக) ஆசிரியரே திருத்தி வைக்கிறார். மாணவர் படிக்காமலே எல்லாவற்றுக்கும் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு தட்டுத் தட்டுகிறார். அடுத்த கட்டுரையிலும் ‘படித்து பார்த்தேன்’ என்றே வரும். வல்லினம் மிக வேண்டியும் விடுபட்ட முதல் இடத்தை மட்டும் சுட்டி, ‘இதுபோல் இன்னும் உண்டு, நீங்களே தேடுங்கள்’ என்று விட்டுவிடலாம். அதுவும் வாதம் சரியான பிறகு. நீக்கப்போகும் பத்திக்குச் சந்தி பார்த்துப் பயனில்லை.

அடுத்தது, விழுக்காட்டு மோகம். மென்பொருள் காட்டும் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு பொருந்தும் வரிகளின் அளவு, 10 விழுக்காட்டைத் தாண்டினால் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் உண்டு. இந்த எண் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையில் ஆய்வேடுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் சொல்லப்பட்டது. வகுப்பில் எழுதும் ஒப்படைப்புகளும் கட்டுரைகளும் அதில் சேரா என்று அந்த ஒழுங்குமுறையே சொல்கிறது. திருக்குறள் பற்றிய கட்டுரையில் பத்துக் குறளை முறையாக மேற்கோள் காட்டினாலே ஒப்புமை ஏறிவிடும்! எண்ணைப் பார்க்காமல், பொருந்திய வரிகள் எவை என்று பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறியும் கருவிகளை நம்புவது இதைவிட ஆபத்து. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒன்றை வெளியிட்டது. அதன் ஆங்கிலச் சோதனையில் இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டையே அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மீது வீண்பழி போட்டது. பிற மொழிகளில் இன்னும் மோசம் என்று நிறுவனமே எச்சரித்தது. துல்லியம் போதாதென்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஐயம் வந்தால் மாணவரை அழைத்துப் பதிப்பு வரலாற்றைத் திறந்து, ‘இந்த வாதத்துக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று கேட்பதே நியாயம்.

விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று தடுப்பதால் யாரும் நிறுத்தப்போவதில்லை, ஒளித்துப் படிப்பார்கள். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசே தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதும் போட்டியைக் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறது. ஆனால் பருவத்தின் கடைசி வாரத்தில் மொத்த வகுப்பையும் புதுக் கட்டுரை தொடங்கச் சொல்வது பெருந்தவறு. சான்றில்லாத கட்டுரைகள் குவியும், துப்புரவு வேலை தன்னார்வலர்கள் தலையில் விழும். விக்கிப்பீடியாவின் பயிற்சிப் பக்கமான மணல்தொட்டியில் பழகவிட்டு, ஏற்கெனவே உள்ள ஒரு குறுங்கட்டுரைக்கு நூலகத்திலிருந்து இரண்டு நல்ல சான்றுகள் சேர்க்கச் சொல்லுங்கள். சொந்தக் கருத்தை விலக்கி எழுதும் பயிற்சி அதிலேயே கிடைக்கும். கட்டுரை நீக்கப்பட்டதா, நிலைத்ததா என்பதை வைத்து மட்டும் மதிப்பெண் போடாதீர்கள்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் புரியாத குறிகளாகத் திறக்கும். முதல் வகுப்பிலேயே யுனிகோடு கட்டாயம் என்று சொல்லிவிட வேண்டும். பல மாணவர்களிடம் கைப்பேசி மட்டுமே இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்தச் சிறு திரையில் சக மாணவரின் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல் என்றால் ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்தான் வரும். ‘எந்தப் பத்தியில் உங்களுக்குச் சான்று போதவில்லை?’ என்று ஒரே ஒரு கேள்வி கொடுத்துப் பாருங்கள்.