பழைய இரட்டைக்குழலைக் கைமாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகத்துக்குப் போன காலத்தில் வாங்கிய வெப்லி ஸ்காட்டோ கிரீனரோ போன்ற ஆங்கில இரட்டைக்குழல் துப்பாக்கி இன்றும் வெளியே வரும். அதைச் சுடத் தெரிந்த இன்னொருவர் கையில் சேர்ப்பது நல்ல காரியம். முதலில் குழலை மடக்கி, தோட்டா போடும் இரண்டு அறைகளும் காலியா என்று பாருங்கள். எத்தனை ஆண்டு சும்மா கிடந்ததாக இருந்தாலும் இதை விடாதீர்கள்.

பெரிய நஷ்டம் வாங்குபவர் வருவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது: விற்கப்போகிறோம் என்று மினுக்குவது. உப்புத்தாளும் பஃபிங் சக்கரமும் பூவேலையைத் தேய்த்துவிடும், குழலைச் சோதித்ததற்கான முத்திரைகளை மழுக்கிவிடும். அதைவிட மோசம் குழலுக்குப் புதுக் கறுப்பு ஏற்றுவது. இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஈயப்பற்று. கறுப்பு ஏற்றப் பயன்படும் கொதிக்கும் காரக் கரைசல் அந்தப் பற்றைத் தின்றுவிடும். பட்டை கழன்று வரும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெயும் வேண்டாம். ஒன்று சிக்கெடுத்துத் துருவுக்கு இடம் கொடுக்கும், மற்றது காய்ந்து பிசினாகும். மெல்லிய மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். விவரம் தெரிந்தவர் தேய்ந்துபோன அழகை விரும்புவார். தேய்த்து அழித்ததை விரும்பமாட்டார்.

'12 போர்தானே (குழல் துளையின் அளவு), எந்தத் தோட்டாவும் போகும்' என்று சொல்லிக் கொடுப்பது ஆபத்து. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 65 மி.மீ. இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்களில் 70 மி.மீ. உண்டு. அது உள்ளே நுழைந்துவிடும், மாட்டிக்கொள்ளாது, அதனால்தான் ஏமாறுகிறோம். பெட்டியில் எழுதியிருப்பது வெடித்து விரிந்த பிறகுள்ள நீளம். வாய் மடிந்திருக்கும்போது அது குட்டையாகத்தான் இருக்கும். வெடித்ததும் மடிப்பு விரிந்து அறையைத் தாண்டிக் குறுகலில் நெருக்கும், அழுத்தம் ஏறும். எனவே குழலின் அடியிலுள்ள முத்திரைகளை உருப்பெருக்கியால் படியுங்கள். 1904-க்குப் பிந்தைய பர்மிங்காம் முத்திரையில் கிரீடத்தின் கீழ் 'என்.பி.' (NP) இருந்தால் நைட்ரோ, அதாவது புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது என்று பொருள். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலில் நைட்ரோ முத்திரை இல்லையென்றால், புதுத் தோட்டா போட்டுச் சுடாதீர்கள். வாங்குபவரிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முத்திரை இருந்தாலும் அது சோதித்த நாளைக்குத்தான் சாட்சி.

வாங்குபவர்கள் செய்யும் தவறு, குழலுக்கு அடியில் கைபிடிக்கும் முன்கட்டையோடு ஆட்டிப் பார்த்துவிட்டு 'இறுக்கமாக இருக்கிறது' என்பது. முன்கட்டை தளர்வை மறைத்துவிடும். அதைக் கழற்றி, குழலைப் பூட்டி, பின்கட்டையைப் பிடித்து ஆட்டுங்கள். அசைந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. பிறகு குழல்களைத் தனியே எடுத்து, அடிக்கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, விரல்கணுவால் தட்டுங்கள். சந்தையில் பானை வாங்குவதுபோலத்தான்: மணிபோல் நீண்டால் பற்று உறுதி, சொத்தென்று அடங்கினால் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. உட்புறம் பளபளப்பதை மட்டும் நம்ப வேண்டாம், துருக்குழியைச் சுரண்டி எடுத்தாலும் பளபளக்கும். சுவர்த்தடிமனைக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்குக்கு, அதாவது ஏறக்குறைய அரை மி.மீ.க்கு, குறைந்தால் ஒதுங்கிவிடுவது நல்லது.

சட்டத்தில்தான் நல்லவர்களும் தடுக்கி விழுகிறார்கள். 'நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்' என்பது தவறு. 1959 ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுடமுடியாத பழம்பொருளுக்கே விலக்கு தருகிறது. தோட்டா போட்டால் வெடிக்கும் துப்பாக்கி, எத்தனை பழசானாலும் துப்பாக்கிதான். நூறாண்டு கடந்ததை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைத்தால், 1972-ன் தொல்பொருள் சட்டமும் குறுக்கே நிற்கும்.

வீடு பத்துப் புள்ளிக்கு, அதாவது பத்துக் குடும்பத்துக்குப் பொதுவாக இருக்கலாம். துப்பாக்கி லைசென்ஸில் பெயருள்ளவருக்கு மட்டுமே உரியது. அவர் காலமாகிவிட்டால் பங்காளிகள் பேசி முடிப்பதற்குள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதங்களோடு ஒருவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது, வாரிசாக வந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். வாங்குபவரிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

தனியாருக்கு விற்பதென்றால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாளாவது கழிய வேண்டும். காரைக்குடிக்குச் சிவகங்கை, கோனாபட்டுக்குப் புதுக்கோட்டை. ஊரைப் பார்த்து அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள். 'ஒரு வாரம் வைத்துச் சுட்டுப் பாருங்கள்' என்று நண்பரிடம் விட்டுவிட்டு வருவது, நட்பாலும் குற்றமே. மீந்த தோட்டாக்களைக் கொசுறாகக் கொடுப்பதும் அப்படித்தான், அவற்றுக்கும் இதே விதி.

எண்ணில் வரும் குழப்பம் தனி. குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் உள்ள எண்ணை வெளிச்சத்தில் படித்து லைசென்ஸோடு ஒப்பிடுங்கள். காப்புரிமை எண்ணைத் துப்பாக்கி எண்ணாக எழுதியிருந்தால், விற்ற பிறகல்ல, முன்பே திருத்த மனு கொடுங்கள். கைமாறிய அன்றே இருவர் லைசென்ஸிலும் பதிவு மாறியதைப் பார்த்து, எண் தெரியும் படங்களோடு தேதியிட்ட ரசீதை இரு பிரதிகளாக எழுதிக்கொள்ளுங்கள்.