பழைய கார் உறுமினால் எங்கே காது வைப்பது

பல்லடம் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார் இரைந்தால், பேரிங்கா, ஃபேன் உரசுகிறதா என்று காதை வைத்தே பிரிப்பது என் பிழைப்பு. அதனால் அக்கம்பக்கத்தில் பழைய கார் எது உறுமினாலும், "ஏனுங்கண்ணா, ஒரு ரவுண்டு வந்து கேளுங்க" என்று கூப்பிட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்டதில் பெரும்பாலும் டயர் அல்லது சக்கரம் வழுக்கிச் சுழலத் தாங்கி நிற்கும் வீல் பேரிங்தான் காரணம். ஆனால் பட்டறையில் போய் "சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். உங்கள் காசில்.

முதலில் ஒரே ஒரு கேள்வி: சத்தம் சக்கரத்தோடு போகிறதா, இன்ஜினோடு போகிறதா?

விடிகாலையில் அவிநாசி – பெருந்துறை நெடுஞ்சாலை போல நேரான, மழமழப்பான ரோட்டுக்குப் போங்கள். பாட்டு, ஏசி, கண்ணாடி எல்லாம் மூடல். ஐந்தாவது கியரில் 60-ல் ஓட்டுங்கள். வேகத்தை மாற்றாமல் நான்காவதுக்கு இறக்குங்கள். இன்ஜின் சுற்று ஏறும்; உறுமல் மட்டும் அதே சுருதியில் இருந்தால் சக்கரப் பக்கம்தான் கோளாறு. இன்ஜினோடு சேர்ந்து அதுவும் ஏறினால் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். ஆடி மாதம் இந்தச் சோதனையே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கிற அடியில் கதவு ரப்பர் கூடப் பேரிங் மாதிரி இரையும்.

சக்கரம் என்று தெரிந்தால், டயரைப் பேரிங்கிலிருந்து பிரிக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரோடு மாறும்போது, அதாவது சொரசொரப்பான தாரிலிருந்து புதுத் தாருக்கு ஏறும்போது, சத்தம் சட்டென்று மாறினால் டயர் மேல் சந்தேகப்படுங்கள். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி, வேகத்தோடு சீராக ஏறினால் பேரிங். அப்புறம் வண்டியை நிறுத்தி, சூடு ஆறியதும் டயர் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர்க் கட்டைகள்) மேல் உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி இருந்தால் தேய்மானம் கோணல். அலைன்மென்ட்டும் ஷாக் அப்சார்பரும் பார்க்க வேண்டும். உள் விளிம்பை மறக்காதீர்கள், அது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும்: 1817 என்றால் 2017-ன் 18-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயர் இறுகிப்போய் இரையும். இன்னும் சந்தேகம் என்றால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினால் பேரிங்கைத் தொடவே வேண்டாம்.

எந்தப் பக்கப் பேரிங்? பின்னால் வண்டி வராத நேரம், நீளமான வளைவில் கவனியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கம், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். பெரும்பாலும் சரியாக இருக்கும், எப்போதும் அல்ல. அதனால் ஜாக்கி போட்டு உறுதி செய்யுங்கள். சமதரை, மற்ற சக்கரங்களுக்குக் கல், ஸ்டாண்டு இல்லாமல் அடியில் தலையை நீட்டவே கூடாது. ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் கையில் ஒன்றும் சொல்லாது. போனது மணல் அரைப்பது போல நறநறக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நிறைய இருந்தால் அந்த வண்டியைப் பட்டறைக்குக் கூட ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். ஆட்டமே இல்லாமலும் பேரிங் இரையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் 'டக்டக்' என்று கேட்டால் அது ஆக்சில் ஜாயின்ட், வேறு கதை.

இன்ஜின் பக்கம் என்றால், நியூட்ரலில் நிற்கும்போது வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் சந்தேகம் இருந்தால், நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் உடல் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பேன். பெல்ட் பக்கம் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் போகக் கூடாது.

வீல் பேரிங் மாற்றும் இடத்தில் பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுசும் சீக்கிரம் இரையும். சக்கர நடுவில் இருக்கும் ஹப் நட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கி, அங்கேயே கையில் சுற்றிப் பாருங்கள். நறநறத்தால் சரி. வழுக்கிக்கொண்டு சுற்றினால், காசு கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கையும் உட்கார வைத்து வண்டியை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள்.