அடுத்த அறையிலிருந்து விளக்கை அணைக்க: சுவர் சுவிட்சைக் கைவிடாத வழி

அணைக்க மறந்த கூடத்து விளக்குக்காக, நள்ளிரவில் முழங்கால் வலியோடு அம்மா எழுந்து நடப்பதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். என் அறையில் இருந்தபடியே நான் அதை அணைக்க வேண்டும். அம்மாவின் கைக்குப் பழகிய சுவர் சுவிட்சும் முன்போலவே வேலை செய்ய வேண்டும்.

அதனால் வைஃபை பல்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். யாராவது சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே போகாது. பிறகு கைப்பேசியால் அதை எட்ட முடியாது. சுவிட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள் அடங்கும் சிறிய வைஃபை ரிலேதான் (கைப்பேசிக் கட்டளையால் மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் சுவிட்ச்) சரி.

படி 1. மெயினை அணையுங்கள். டெஸ்டரால் சோதித்த பிறகே கம்பியைத் தொடுங்கள். மின்வேலை பழக்கமில்லை என்றால் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

படி 2. நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியைத் தேடுங்கள். நான் இரண்டு நாள் தடுமாறியது இங்கேதான். ரிலே தானும் விழித்திருக்க மின்சாரம் வேண்டும்; அதற்கு ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் இரண்டும் தேவை. என் சுவிட்ச் பெட்டியில் ஃபேஸும் விளக்குக்குப் போகும் கம்பியும் மட்டுமே இருந்தன. நியூட்ரல் நேராக விளக்குக்கே போயிருந்தது. பல வீடுகளில் இப்படித்தான். அதே பெட்டியில் பிளக் சாக்கெட் இருந்தால் அங்கே நியூட்ரல் கிடைக்கும். எனக்கு அதுவும் இல்லை. கடைசியில் ரிலேயை விளக்கின் அருகே, கூரையில் இருந்த இணைப்புப் பெட்டிக்குள் வைத்தேன். அங்கே இரண்டும் வர, சுவிட்சிலிருந்து ஒரு கம்பியை மட்டும் ரிலேயின் சுவிட்ச் முனைக்குக் கொண்டுவந்தேன்.

நியூட்ரலுக்குப் பதில் எர்த்தை இணைக்கலாமா என்று இருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. எர்த் கம்பி எங்காவது அறுந்தால், அதனோடு சேர்ந்த எல்லா உலோக உடல்களிலும் மின்சாரம் ஏறிவிடும்.

படி 3. இணைப்பு. உள்ளே வருவது ஃபேஸும் நியூட்ரலும். வெளியே போவது விளக்குக்கு. சுவிட்ச் முனைகளில் மட்டும் நிதானம் வேண்டும். ஷெல்லி 1 என்ற வைஃபை ரிலேயில் மின்சாரம் ஃபேஸிலிருந்து சுவர் சுவிட்ச் வழியாக அதன் சுவிட்ச் முனைக்கு வரும். சோனாஃப் மினி என்ற ரிலேயில் சுவிட்சுக்கென உள்ள இரு முனைகளிலும் வெளி மின்சாரம் படவே கூடாது. சுவிட்சின் இரு கால்களையும் அங்கே நேரடியாக இணைக்க வேண்டும். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றொன்றை இணைத்தால் கருவி எரிந்துபோகலாம்.

என் விருப்பம் ஷெல்லி. இணையம் நின்றாலும் வீட்டு வைஃபைக்குள் அதன் சொந்தப் பக்கத்தைத் திறந்து இயக்கலாம். அடுத்த அறை விளக்கை அணைக்கும் கட்டளை ஏதோ ஒரு தொலைதூர சர்வரைச் சுற்றி வருவதை நான் விரும்பவில்லை.

படி 4. வைஃபை. இந்த இரண்டு கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் அதே பெயரை வைத்திருந்தால் சேர்க்கும் நேரத்தில் குழப்பம் வரலாம். கொஞ்ச நேரம் 5-ஐ அணைத்துவிட்டுச் சேருங்கள்.

படி 5. செயலியில் சுவிட்ச் வகையை, தட்டும் ஒவ்வொரு முறையும் விளக்கின் நிலை மாறும்படி அமையுங்கள். அப்போதுதான் கைப்பேசியில் அணைத்த விளக்கை அம்மா சுவரில் ஒரே தட்டில் எரிய வைக்க முடியும்.

விளக்கைத் தாண்டிப் போகிறவர்களுக்கு: 10 ஆம்பியர் ரிலே 230 வோல்ட்டில் 2300 வாட் வரைதான், ஹீட்டரை, மோட்டாரை அதில் நேரடியாகத் தொங்கவிடாதீர்கள், கான்டாக்டர் (பெரிய மின்சுமையைத் தாங்கும், ரிலேயால் இயக்கப்படும் சுவிட்ச்) வையுங்கள். ஏசிக்கு அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் கருவி போதும். ஆனால் அந்தக் கதிர் சுவரைத் தாண்டாது, ஏசி இருக்கும் அறையிலேயே வைக்க வேண்டும்.

பின்சேர்க்கை: மின்தடை நீங்கியதும் நள்ளிரவில் எல்லா விளக்கும் எரிகின்றன என்று ஒருவர் சொன்னார். மின்சாரம் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பில் ‘கடைசி நிலை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். படுக்கையறைக்கு மட்டும் நான் ‘அணைந்த நிலை’ வைத்திருக்கிறேன்.