பெட்ஷீட் கடை வெப்சைட்டுக்கு சர்வர் வாடகை இல்லாம படம் குடுக்கறது எப்படி

சென்னிமலைல பெட்ஷீட், துண்டு விக்கற கடைக்கு ஒரு வெப்சைட் செஞ்சு குடுத்தேனுங்க. டிசைனுக்கு அஞ்சாறு போட்டோ, எல்லாமே ஃபோன்ல எடுத்தது, ஒவ்வொண்ணும் 4, 5 எம்பி, அப்படியே ஏத்திட்டாங்க. தீவாளி நோம்பிக்கு முந்தின வாரம் கூட்டம் ஒட்டுக்கா வந்ததும் சர்வர் படுத்துருச்சு. பெரிய சர்வரா எடுக்கலாம்னா அந்த ஒரு வாரத்துக்காக வருசம் பூராவும் வாடகை கட்டோணும், துண்டுக்கு சில்லறைக் காசு நிக்கற ஏவாரத்துல அது நாயமில்லைங்க.

அதனால படத்துக்கு சர்வரே வேண்டாம்னு ஏடபிள்யூஎஸ்ல (அமேசானோட கிளவுட் சேவை) மாத்திட்டேன். விசயம் இதுதான்: ஒரு போட்டோவ அஞ்சு அகலம், மூணு ஃபார்மேட்டுன்னு முன்னாடியே வெட்டி (அதாவது அளவு சுருக்கி) வெச்சா 15 காப்பி ஆகுது, அதுல பலத யாருமே பாக்கறதில்ல. ஆர்டர் வந்தப்பறம் நெய்யற மாதிரி, யாராச்சும் மொதத் தடவ கேக்கறப்ப மட்டும் வெட்டோணும், வெட்டுனத எடுத்து வெச்சுக்கோணும், மறுக்கா வெட்டக் கூடாது.

மும்பை ரீஜன்ல ரெண்டு எஸ்3 பக்கெட் (ஃபைல் வெக்கற எடம்) போடுங்க, ஒண்ணு ஒரிஜினலுக்கு, ஒண்ணு வெட்டுனதுக்கு, ரெண்டையும் பப்ளிக் ஆக்கிறாதீங்க. முன்னாடி கிளவுட்ஃபிரண்ட், அதாவது பாக்கறவங்களுக்குப் பக்கத்துல இருந்து படத்த குடுக்கற சேவை. அதுல ஒரிஜின் குரூப் (ஒரு எடத்துல கெடைக்கலைன்னா அடுத்த எடத்துக்குப் போற ஏற்பாடு) வெச்சா மொதல்ல வெட்டுன பக்கெட்ல தேடும், இல்லைன்னா லாம்டாகிட்ட (கூப்பிட்டா மட்டும் ஓடற புரோகிராம்) போகும், லாம்டா ஒரிஜினல எடுத்து வெட்டி, பக்கெட்லயும் போட்டு, கேட்டவங்களுக்கும் அனுப்பிரும். இங்க ஒண்ணு கவனிங்க, லிஸ்ட் பெர்மிஷன் (பக்கெட்ல என்னென்ன இருக்குன்னு பாக்கற அனுமதி) குடுக்கலைன்னா எஸ்3 ஃபைல் இல்லாததுக்கு 404 (ஃபைல் இல்ல) சொல்லாது, 403தான் (அனுமதி இல்ல) சொல்லும், அதனால ஃபெயில்ஓவர, அதாவது லாம்டாகிட்ட மாறிப் போறத, 403க்கு வைக்கோணும். எனக்கு இதுலயே ஒரு நாள் போயிருச்சு. லாம்டா யூஆர்எல்ல கிளவுட்ஃபிரண்ட் மட்டும் கூப்பிடற மாதிரி பூட்டிருங்க.

லாம்டாக்குள்ள நோட்ஜேஎஸ், படம் வெட்டறதுக்கு ஷார்ப் லைப்ரரி. ஆர்ம் வகை ப்ராசஸர் எடுங்க, வெலை கம்மி. ஆனா விண்டோஸ் லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணத அப்படியே ஜிப் போட்டு ஏத்துனா ஓடாது, லினக்ஸ் ஆர்ம்64க்குன்னு சொல்லி எறக்கோணும். மெமரிய 128 எம்பில வெச்சு காசு புடிக்கலாம்னு நெனைக்காதீங்க, லாம்டால மெமரிக்கு ஏத்த அளவுதான் சிபியு கெடைக்கும், 1,769 எம்பிலதான் முழுசா ஒரு விசிபியு (விர்ச்சுவல் சிபியு), நான் 1,500 வெச்சிருக்கேன். ரொட்டேட் கூப்பிட மறந்துறாதீங்க, ஷார்ப் எக்ஸிஃப் தகவல (போட்டோ எந்தப் பக்கம் நிமிந்து நிக்கோணும்கறதும் அதுலதான் இருக்கு) கழட்டிரும், அப்பறம் ஃபோன் போட்டோ எல்லாம் சாஞ்சு நிக்கும்.

அகலத்த சுருக்கி வைக்கறதுதான் பில்லு ஏறாம இருக்க பெரிய வழிங்க. கிளவுட்ஃபிரண்ட் ஃபங்ஷன் (ரிக்வெஸ்ட் வந்ததும் ஓடற குட்டி கோடு) ஒண்ணு எழுதி, எந்த அகலம் கேட்டாலும் 320, 640, 960, 1280, 1920ல பக்கத்துல இருக்கறதுக்கு மாத்திருங்க. இது இல்லைன்னா எவனாச்சும் 641, 642ன்னு வரிசையா கேட்டுட்டே இருந்தா ஒவ்வொண்ணும் புது வெட்டு, ஒவ்வொண்ணுக்கும் காசு. அதே ஃபங்ஷன்ல அக்செப்ட் ஹெடர (பிரவுசர் எந்தெந்த ஃபார்மேட்ட எடுத்துக்கும்னு சொல்றது) பாத்து ஏவிஐஎஃப்பா, வெப்பியா, ஜேபெக்கான்னு முடிவு பண்ணிக்கலாம். குவாலிட்டிய ரொம்ப எறக்காதீங்க, கட்டம் போட்ட பெட்ஷீட்ல நூல் ஓட்டமே தெரியாம மொழுக்குன்னு ஆயிரும், துணி வாங்கறவங்க அதத்தான் பெருசு பண்ணி பண்ணி பாக்கறாங்க.

கேஷ் (கிளவுட்ஃபிரண்டும் பிரவுசரும் எடுத்து வெச்சுக்கற காப்பி) ஒரு வருசத்துக்கு வைங்க, போட்டோ மாறுனா ஃபைல் பேர மாத்துங்க, இல்லைன்னா பழைய படமே வந்துட்டிருக்கும்.

செலவுன்னு பாத்தா, கிளவுட்ஃபிரண்ட்ல பயன்பாட்டுக்கு ஏத்த பில்லுல மாசம் 1 டிபி வரைக்கும், லாம்டால 10 லட்சம் ரிக்வெஸ்ட் வரைக்கும் இலவசம், எஸ்3ல இருந்து கிளவுட்ஃபிரண்டுக்கு போறதுக்கு டேட்டா காசு இல்ல. மிச்சம் புடிக்கறோம்னு கிளவுட்ஃபிரண்ட்ல பிரைஸ் கிளாஸ் (எந்தெந்த நாட்டு சர்வர்ல இருந்து குடுக்கறதுங்கற செட்டிங்) 100 மட்டும் எடுத்துறாதீங்க, அதுல இந்தியாவே கெடையாது, ஈரோட்டுல இருக்கறவங்களுக்கு படம் கடல் தாண்டி வரும். 200 எடுங்க. வெட்டுன பக்கெட்ல 90 நாள்ல அழியற மாதிரி லைஃப்சைக்கிள் போடுங்க, கிளவுட்வாட்ச் லாக் (லாம்டா ஓடுன பதிவு) தானா அழியாது, அதுக்கும் ஒரு வாரம்னு வைங்க. பட்ஜெட் அலர்ட் மெயில் மட்டும்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது, அதனால அந்த மெயில தெனமும் பாக்கற ஐடிக்கு போடுங்க.

முடிச்சதும் ஒரே படத்த ரெண்டு தடவ தொறந்து எக்ஸ்-கேஷ் ஹெடர (படம் கேஷ்ல இருந்து வந்துச்சான்னு சொல்றது) பாருங்க. மொதத் தடவ மிஸ்னு இருக்கும், ரெண்டாவது ஹிட்னு வரோணும், வரலைன்னா கேஷ் கீல (கேஷ்ல எந்தக் காப்பின்னு தேடற அடையாளம்) தேவையில்லாத ஹெடரோ குக்கியோ ஒட்டிட்டிருக்கு, அத எடுத்துருங்க.