தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள்: ஆர்.சி. தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு

நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ முதல்முறையாகக் கையில் கிடைத்திருக்கும் ஆசிரியர்களுக்காக, பிள்ளைகள் பிள்ளைகளைச் சீண்டிக் கொடுமைப்படுத்துவதை எப்படிக் கண்டுபிடித்து நிறுத்துவது என்று இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டை மறைமாவட்டமோ தூத்துக்குடி மறைமாவட்டமோ, நம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு பக்கம் கோவில் (தேவாலயம்), பக்கத்திலேயே சிஸ்டர்கள் இருக்கும் மடம், நடுவே வேப்பமரத்தடியில் பிள்ளைகள். கிறிஸ்தவப் பிள்ளைகளும் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்க மாட்டான். உதடு வெடித்திருக்கும். “தண்ணி குடிக்கணும்ல” என்று தினமும் அவனுக்குப் புத்தி சொன்னேன். ஒருநாள் நாலு மணிக்கு அவன் பாட்டிலைத் தற்செயலாகத் தூக்கினேன். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த கனம் அப்படியே இருந்தது. கழிவறைக்குப் போனால் பெரிய பையன்கள் மூன்று பேர் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வார்களாம். அங்கே போகாமலிருக்க அவன் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமலிருப்பது. இது எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதம் உங்கள் வகுப்புப் பிள்ளைக்கு ஆகக்கூடாது.

முதலில்: சண்டை எது, சீண்டல் எது

பிள்ளைகள் கா விடுவார்கள், மறுநாளே பழம் விடுவார்கள். அதில் நாம் தலையிடத் தேவையில்லை. மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஒரே பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப நடக்கிறதா? செய்கிறவர்கள் வயதிலோ, பலத்திலோ, எண்ணிக்கையிலோ, வீட்டுச் செல்வாக்கிலோ மேலே இருக்கிறார்களா? அந்தப் பிள்ளையால் அதை நிறுத்தவோ விலகிப்போகவோ முடியாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது விளையாட்டு இல்லை. அடி விழுந்தால்தான் கணக்கு என்றும் நினைக்காதீர்கள். “அவகூட யாரும் சேராதீங்க” என்று ஒரு வகுப்பே ஒரு சிறுமியை ஒதுக்குவதும் இதில் சேர்த்திதான்.

இரண்டாவது: பள்ளியை வரைந்து பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் பள்ளி வளாகத்தை வரையுங்கள். குழாயடி, கழிவறை, சாப்பிடும் வராந்தா, கோவிலுக்குப் பின்பக்கம், வேனும் ஆட்டோவும் நிற்கும் இடம் எல்லாம் வரட்டும். எந்த நேரத்தில் எந்த இடத்தில் பெரியவர் ஒருவர்கூட இருப்பதில்லை என்று ஒரு வாரம் கவனித்துக் குறியுங்கள். பாடம் நடக்கும்போது பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மணி அடித்த பிறகு வரும் பத்து நிமிடம்தான் ஆபத்து. 2024 ஜூலையிலிருந்து கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டதால், அந்த வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் யாரைப் பின்னால் தள்ளுகிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார மறுக்கிறார்கள் என்பதெல்லாம் தட்டோடு உட்காரும்போது கண்ணில் படும்.

வரைந்து முடித்ததும் தலைமையாசிரியையான சிஸ்டரிடம் காட்டிக் கேளுங்கள்: “மதியம் 1 மணிக்குக் குழாயடில யார் நிக்கிறது, சிஸ்டர்?” இப்படிக் கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். ‘கண்காணிப்பை அதிகப்படுத்த வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மூன்றாவது: பிள்ளை சொல்லும்போது

நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். “வயிறு வலிக்கு டீச்சர்” என்று திங்கள்கிழமைதோறும் வரும். பென்சில் டப்பா அடிக்கடி தொலையும். சொன்னாலும், “பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுதாங்க டீச்சர்” என்ற அளவில் நின்றுவிடும். அப்போது “நீ என்ன செஞ்ச?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதோடு அந்த வாய் மூடிக்கொள்ளும். “சொன்னது நல்லதாப் போச்சு. எங்க வச்சு நடந்துச்சு? பக்கத்துல யாரு இருந்தா?” என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை மாற்றாமல், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். செய்தவர்களிடம் தனியாக, ஒவ்வொருவராகப் பேசுங்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரித்தால் பயந்த பிள்ளை பொய் சொல்லும்: “ஒண்ணுமில்ல டீச்சர், சும்மாதான்.”

பார்த்துக்கொண்டிருந்தவர்களை விட்டுவிடாதீர்கள். சிரிக்க ஆள் இல்லையென்றால் பாதிச் சீண்டல் அடங்கிவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “தடுக்க பயமா இருந்தா, அவன் பக்கத்துல போய் நில்லு, இல்ல அவனக் கூட்டிட்டு எங்கிட்ட வா” என்று சொல்லி, நடித்தும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல சமாரியர் உவமையை மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப்போன இரண்டு பேரைப் பற்றி அதிகமாகப் பேசுங்கள். பிள்ளைகளுக்கு அது உடனே புரிகிறது.

நான்காவது: மன்னிப்பை அவசரப்படுத்தாதீர்கள்

நம் பள்ளிகளில் அடிக்கடி தவறு நடக்கும் இடம் இதுதான். “சாரி சொல்லு, கை குடு, இயேசப்பா மன்னிக்கச் சொல்லியிருக்காருல்ல” என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அடித்தவனுக்கு நிம்மதி, நமக்கும் நிம்மதி. அடிபட்ட பிள்ளைக்கோ இன்னொரு சுமை ஏறிவிட்டது. கோவிலில் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்கத் தயாரான ஒரு சிறுமி என்னிடம் வந்து, “அவ மேல கோவம் போவமாட்டேங்கு டீச்சர், அது பாவமா?” என்று கேட்டாள். தினமும் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தவளைப் பற்றித்தான் கேட்டாள். தனக்கு நடந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) சொல்லவேண்டிய பாவமாக ஒன்பது வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது!

முதலில் அது நிற்க வேண்டும், பிறகு பாதுகாப்பு, அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு மனம் வந்தால் மன்னிப்பு. செய்தவர் செய்ததைச் சரிசெய்யட்டும்: கிழித்த நோட்டை எழுதிக் கொடுக்கட்டும், பரப்பிய பொய்யை அதே பிள்ளைகள் முன்னால் திருத்தட்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்ல முடியாது. ஆகவே அது முறையிடும் இடமல்ல என்பதையும் பிள்ளைகளுக்குப் புரியவையுங்கள்.

ஐந்தாவது: சாதி

இந்த மண்ணில் இதைத் தொடாமல் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்தவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் பள்ளிக்குள் கூடாது என்றும் அதில் பரிந்துரை இருந்தது. அது மேல்நிலைப்பள்ளிப் பிரச்சினை என்று நினைக்கலாம். ஆனால் “நீ எந்தத் தெரு?” என்ற கேள்வி மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. நம் சபையும் இதற்கு விலக்காக இருந்ததில்லை. வடக்கன்குளம் கோவிலுக்குள்ளேயே சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவர் இருந்தது.

இடத்தை மாதாமாதம் மாற்றுங்கள், குலுக்கல் முறையில். கயிறு கட்டி வந்த பிள்ளையின் கயிற்றை வகுப்பு முன்னால் அறுக்காதீர்கள், அது வேறொரு அவமானம். பெற்றோரை வரச்சொல்லித் தனியாகப் பேசுங்கள். பெற்றோரே தெருப்பெயரை இழுத்தால் பங்குத்தந்தையின் உதவியைக் கேளுங்கள். அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில்) அவர் பேசினால் வீடுவரை போய்ச்சேரும்.

நம் வாயையும் கவனிக்க வேண்டும். ‘குண்டு’, ‘கருப்பி’ என்று ஆசிரியர் ஒருமுறை செல்லமாகச் சொன்னால் வகுப்பு முழுக்க அந்த உரிமையை எடுத்துக்கொள்ளும். அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை.

பாலியல் தொல்லை என்றால்

பள்ளிக்குள் விசாரித்து முடிக்கும் வேலையே கூடாது. செய்தவர் யாராக இருந்தாலும், பங்கின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும், 2012 போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் அதுவே குற்றம். 1098 சிறார் உதவி எண், 14417 கல்வித்துறை உதவி எண். இரண்டையும் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதிவையுங்கள். பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் ஒரு சீட்டும் விழாது. பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் போய்வரும் வழியில் வையுங்கள்.

ஒரு புகாரை முடித்த பிறகு, மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஒரு மாதம் கழித்து என்று நோட்டில் முன்கூட்டியே தேதி குறித்து அந்தப் பிள்ளையிடம் மறுபடி கேளுங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து வரும் வாரத்தில் கூட்டணிகள் மாறியிருக்கும். வரைந்த தாளை மறுபடி வெளியே எடுங்கள். நாலு மணிக்கு, பைகள் வரிசையாக இருக்கும்போது, பாட்டில்களையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.