மலைக் கிராமங்களில் மலேரியா: ஆஷா பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒடிசாவின் கோராபுட், மல்காங்கிரி, ராயகடா மலைக் கிராமங்களில் காய்ச்சல் கண்டவர் முதலில் தேடிப் போவது அந்த ஊர் ஆஷா பணியாளரைத்தான்; அரசு சுகாதாரத் திட்டத்துக்காக ஊரிலேயே வேலை பார்க்கும் பெண் அவர். 2016இல் அந்த மாநிலத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா வந்தது. 2018இல் அது 70 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இதில் 2017இல் தொடங்கிய ‘தமன்’ என்ற மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் முகாம்களுக்கும், வீடு வீடாகக் கொடுத்த கொசுவலைகளுக்கும், இந்தப் பெண்களின் உழைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த உழைப்பு வீணாகும் இடங்கள் சில இருக்கின்றன.

பாராசிட்டமால் கொடுத்து, ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று அனுப்புவதுதான் மிக ஆபத்தான தவறு. ஃபால்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாளிலேயே மூளையைத் தாக்கிவிடும். காய்ச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

பரிசோதனையில் நடப்பவை சின்னத் தவறுகள்தான், ஆனால் முடிவையே மாற்றிவிடும். விரல் ரத்தத்தில் மலேரியாவைப் பார்க்கும் பரிசோதனைக் கிட்டின் உறையை முன்கூட்டியே பிரித்து வைத்தால் மழைக்கால ஈரத்தில் உள்ளிருக்கும் பட்டை கெட்டுவிடும். விரலில் தடவிய ஸ்பிரிட் காயும் முன் குத்தினால் ரத்தம் அதோடு கலந்துவிடும். அப்புறம், நேரம். உறையில் 15 நிமிடம் என்றிருந்தால் 15, 20 என்றிருந்தால் 20. வயலுக்குப் போக அவசரப்படுகிறார்களே என்று 5 நிமிடத்தில் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. அதே பட்டையை மாலையில் எடுத்துப் பார்ப்பதும் தப்பு. கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு விழாவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது, புதுக் கிட்டில் மறுபடி செய்ய வேண்டும். நோய்க் கோடு மங்கலாக விழுந்தாலும் அது கோடுதான். கோடே இல்லாமல் காய்ச்சல் மட்டும் நீடித்தால் மறுபடி பார்க்க வேண்டும். குணமாகிவிட்டதா என்று பார்க்க ஃபால்சிபாரம் கிட்டைப் பயன்படுத்தவே கூடாது; கிருமி ஒழிந்த பிறகும் வாரக்கணக்கில் கோடு விழும்.

மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். ஃபால்சிபாரத்துக்கான ஏசிடி (ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்து) மாத்திரை அட்டைகள் வயதுக்கு ஒரு நிறத்தில் வரும். 1 முதல் 4 வயதுக்கு மஞ்சள், பெரியவர்களுக்கு வெள்ளை. தீர்ந்துபோன நிறத்துக்குப் பதிலாக வேறு அட்டையிலிருந்து குத்துமதிப்பாகப் பிய்த்துக் கொடுக்கக் கூடாது. முதல் வேளை மருந்தைப் பணியாளர் தன் கண்முன்னே விழுங்க வைக்க வேண்டும். மலேரியாவின் இன்னொரு வகையான வைவாக்ஸுக்கு 3 நாள் குளோரோகுயின், 14 நாள் பிரைமாகுயின். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், ஆளும் காட்டுக்கோ வயலுக்கோ கிளம்பிவிடுவார். மீதி மாத்திரை கூரையில் செருகிக் கிடக்கும். கல்லீரலில் பதுங்கிய கிருமி சில மாதம் கழித்து மீண்டும் காய்ச்சலைக் கொண்டுவரும். அட்டையைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே தவறு. நடுவில் இரண்டு மூன்று முறையாவது வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிரைமாகுயினைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

வலிப்பு, மயக்கம், ஓயாத வாந்தி, தண்ணீர்கூட இறங்காத குழந்தை: இவர்களுக்கு மாத்திரை கொடுத்து ஊரிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. ஊசி மருந்து உள்ள மருத்துவமனைக்கு அப்போதே வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

முகாமில் ‘எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே’ என்பவரை விட்டுவிடுவதும் தவறு. அறிகுறியே இல்லாதவர் ரத்தத்திலும் கிருமி இருக்கும், கொசு அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். ‘தமன்’ முகாம்களில் ஊரையே பரிசோதிப்பது இதனால்தான்.

கடைசியாக ஒன்று. இது ஆஷாக்களின் தவறே அல்ல, மேலே இருப்பவர்களுடையது. கிட்டும் மாத்திரையும் தீர்ந்த பிறகு கணக்குப் பார்த்து அனுப்புகிறார்கள். மழை பிடித்து ஓடை பெருகினால் பல ஊர்களுக்கு வழியே இருக்காது, மலேரியா ஏறுவதும் அப்போதுதான். மழைக்காலம் முழுமைக்குமான இருப்பு, ஜூன் பிறப்பதற்குள் அந்தப் பெண்களின் பையில் இருக்க வேண்டும்.